கொதிக்க வைத்த தண்ணீர்

எங்கள் பள்ளியில் சேவை செய்ய வெளிநாட்டிலிருந்து வந்த பெண், விளாங்குடியில் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரு தடித்த கையேடு வைத்திருந்தாள். கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காதே என்றது அது. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பழிக்கிறார்களே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் அறிவியல் வாத்தியார். அந்தப் பொறுப்பை வேறு யாரிடமும் விடாமல், தினமும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நானே கொதிக்க வைத்தேன்.

நாலாம் நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு. கோரிப்பாளையத்தில் அவள் பரோட்டா தின்ற கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"அம்புட்டுப் பேரும் இங்கதான் திங்கிறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே சார்" என்றார் கடைக்காரர். நான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "தண்ணி எப்படிக் குடுக்குறீங்க?" என்றார்.

"கொதிக்க வச்சுத்தான் டாக்டர். சூட்டோட குடிச்சா வாய் வெந்துரும்ல? அதான் குழாத் தண்ணிய ஊத்தி வெளாவிக் குடுத்துருவேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளோ டிரிப்ஸ் ஏறும் கையோடு எனக்கு நன்றி சொன்னாள். அவளுடைய கையேட்டில் பாம்பு, நாய், கொசு, சாலை என எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை இருந்தது. என்னைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை.