வளர்த்தவள் தராத சேலை முனை

என்னைப் பெற்றவள் நான் தவழ்கிற வயதில் செத்துப்போனாள். திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்த அவளுடைய அக்கா, என் பெரியம்மா, என்னைத் தூக்கிவந்து தன் ஒரே மகனோடு வளர்த்தாள். நான் சோற்றுக்கு வாயே திறக்காத பிள்ளையாம். "அண்ணன் கண்ணாலத்துக்கு நீதான் இணைச்சீர் பண்ணோணும், தின்னு சாமி" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவாள். எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் நடக்கும் சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையைத் தங்கை பிடித்து நிற்பாள். ஊரறியத் தங்கை என்றால் அவள்தான். அந்த முனைக்காகவே நான் வளர்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் கல்லூரி. பழைய மாணவிகள் சங்கப் பலகையில் 'அலும்னி' என்றிருந்ததைப் பார்த்து, நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'அலெரே' என்றால் ஊட்டி வளர்ப்பது. அதில் பிறந்த 'அலும்னஸ்', அதாவது அலும்னியின் ஒருமை, முதலில் வளர்ப்புப் பிள்ளையைத்தான் குறித்ததாம். மாணவன் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவன். உயரத்தைச் சொல்லும் லத்தீன் 'ஆல்டஸ்', முதுமையைச் சொல்லும் ஆங்கில 'ஓல்ட்' இரண்டும்கூட அதே வேரில் கிளைத்தவை. என்னைப் போன்றவளுக்கு அங்கே ஒரு பெயர் இருந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு வந்ததும் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கு அத்தாம்பெரிய பொஸ்தகமா? பெத்தா என்ன, வளத்தா என்ன சாமி" என்று சிரித்தாள்.

அண்ணன் கல்யாணத்தில் பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து நின்றேன். இணைச்சீருக்கு அழைக்கப்பட்டவள் பெரியப்பாவின் பங்காளி மகள். நோம்பி, பண்டிகை என்றால் மட்டும் எட்டிப் பார்க்கிறவள். அண்ணன் என் பக்கம் திரும்பாமல் சேலையை இடுக்கிக்கொண்டான்.

பெரியம்மாவைச் சமையல் பந்தலில் பிடித்தேன்.

"உன்ற அப்பன் வேற கொலமாச்சே சாமி. அண்ணனோட கொலத்துப் புள்ளதான் இணைச்சீர் பண்ணோணும். ஊருல ஒத்துக்க மாட்டாங்க."

"இது உங்குளுக்கு மொதல்லயே தெரியாதுங்களா?"

முந்தானையில் கையைத் துடைத்தாள். "தெரியும். அப்பிடிச் சொன்னாத்தான் நீ வாயத் தொறப்பே."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். அவள் முகத்தில் குற்றவுணர்ச்சி துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பந்தியில் உட்காரவைத்து அவளே பரிமாறினாள். "தின்னு சாமி" என்றாள். அவள் போட்ட சோற்றை முதன்முதலாகத் தொடாமல் இலையை மூடினேன்.