ஹெரிபெர்ட்டுக்கு ஓர் இடம்

லைனஸ் ஓஸ்டன்டார்ஃப் முப்பது வருடத்துக்கு மேல் பால் லாரி ஓட்டியவர். அமெரிக்காவின் மினசோட்டாவில் எங்கள் பக்கம் எந்தப் பண்ணை எந்த வளைவில் இருக்கிறது, எந்த வீட்டு நாய் காலைக் கவ்வும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பனி கொட்டி ரோடே தெரியாத காலையிலும் வழி தவறியதில்லை. இந்தப் பெருமையை அவர் வாயால் கேட்காதவர் ஊரில் யாருமில்லை. கொஞ்சம் அலட்டல் பேர்வழிதான்.

மனைவி டோரீன் காலமான பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் பலருடைய முன்னோர் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஜெர்மனியில் இருந்த ஊர்களையெல்லாம் தேடித் தரும் தளம் ஒன்று இருக்கிறது. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின் மேல் போர்த்தி, ஒரு பட்டையை இழுத்தால் அது மங்கி இது தெரியும். மாதாகோயில் பதிவேடுகளைப் படம் பிடித்துப் போட்டிருப்பவர்களும் உண்டு. லைனஸ் அந்தக் கோழிக்கிறுக்கல் எழுத்தைப் படிக்கவும் பழகிக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்தால், "லைனஸ், எங்க தாத்தாவோட தாத்தா ஊரு எதுன்னு பாத்துச் சொல்லேன்" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். பாதி ஊருக்கு அவர்தான் பூர்வீகம் காட்டினார்.

தன் பூர்வீகத்தைத்தான் முதலில் பார்த்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பெர்ன்ட், கப்பலேறியபோது சொன்ன ஊர் நாய்யன்கிர்ஷன். அந்தப் பெயரில் ஜெர்மனியில் எத்தனையோ ஊர்கள். ஹாலந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றில், டெலிபோன் புத்தகத்தில் ஓர் ஓஸ்டன்டார்ஃப் இருந்தார். லைனஸுக்கு அது போதுமாக இருந்தது. மற்றவர்களுக்கு மூன்று சாட்சி கேட்பவர், தன் விஷயத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஓஸ்டன்டார்ஃப்தான் ஹெரிபெர்ட். கல்யாணம் செய்துகொள்ளாதவர், எண்பதை நெருங்குபவர். தன்னோடு குடும்பம் முடிந்தது என்றிருந்தவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பங்காளி முளைத்தால் எப்படி இருக்கும்! அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் திரையில் பேசினார்கள். இவர் சொல்வதை ஜெர்மனிலும் அவர் சொல்வதை இங்கிலீஷிலும் கம்ப்யூட்டரின் பெண்குரல் ஒன்று மாற்றிச் சொல்லும். ஹெரிபெர்ட் ஒவ்வொரு முறையும் கோட்டும் டையும் போட்டுக்கொண்டுதான் வருவார்.

அவர் ஊரில் கல்லறை குத்தகைதான். காலம் முடிந்து, புதுப்பிக்க ஆளில்லை என்றால் கல்லைப் பெயர்த்து, இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஹெரிபெர்ட்டின் பெற்றோர் கல்லை அப்படித்தான் எடுத்தார்கள். ஒரு ஞாயிறு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பங்காளி, என் சாம்பலை உங்க பக்கத்துல வச்சுக்குவீங்களா? அங்க கல்லை எடுக்க மாட்டாங்களாமே."

எங்கள் மாதாகோயில் கல்லறையில் லைனஸின் அப்பா வாங்கிப் போட்ட நிலத்தில், அவரவருக்கு ஒதுக்கியது போக ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அது லைனஸுக்கும் அக்கா மார்செல்லாவுக்கும் பொது; கொடுப்பதென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாக வாங்கவும் வழியில்லை. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களுக்கென்று மட்டும்தான் புது இடம் கொடுப்பார்கள். மார்செல்லா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நம்ம ரத்தம்தானே, வரட்டும்" என்றார்.

போன வாரம், ஜெர்மனியில் இன்னும் வடக்கே இருக்கும் வேறொரு நாய்யன்கிர்ஷனின் ஞானஸ்நானப் பதிவேடு தளத்தில் புதிதாக வந்திருந்தது. யாருக்கோ தேடப்போன லைனஸின் கண்ணில் பெர்ன்ட் பட்டார். பிறந்த தேதி அதே. அம்மா பெயர் அதே. ஓரத்தில் சாமியார் குறித்திருந்தார்: அமெரிக்கா போய்விட்டான். லைனஸ் இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்; அப்படியென்றால் ஹெரிபெர்ட் பங்காளியே இல்லை.

கேக் கொண்டுவந்த மார்செல்லா திரையைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது? அப்போ அந்த மனுஷன் யாரு?"

"யாருமில்லக்கா."

"யாருமில்லையா!"

"சொல்லாமலே விட்டுடலாம்க்கா. வயசானவரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு நஷ்டம்டா. எம் பையன் டேல் வெளியூர்ல பொண்டாட்டியும் இல்லாம தனியா நிக்கிறான். அவனுக்குன்னு வச்சிருந்த இடம் அது. சொந்தம்னு நீ சொன்னதாலதான் மனசைக் கல்லாக்கிட்டு விட்டுக்கொடுத்தேன். இப்ப எப்படிடா கையெழுத்துப் போடுவேன்?"

அவர் பேச்சில் பழுது சொல்ல முடியவில்லை. லைனஸ் அப்பாவி போலக் கேக்கைத் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹெரிபெர்ட் புது டையில் வந்தார்.

"பங்காளி! சாம்பலை அனுப்ப என்னென்ன செய்யணும்னு எங்க சாமியார்கிட்ட கேட்டுட்டேன். சாகறதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற ஆளை நான் பாத்ததே இல்லன்னு சிரிக்கிறார்."

லைனஸ் பதிவேட்டில் கண்டதைச் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண்குரல் அதை ரயில் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல் கலகலவென்று சொல்லியது. அதை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

ஹெரிபெர்ட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அம்மா பேரு?"

"ஒத்துப்போகுது."

"அப்போ சரியாத்தான் இருக்கும்." டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்த இடம்?"

"அக்கா பையனுக்கு வேணுமாம். நான் எவ்வளவோ..."

"நியாயம்தானே. அவன் சொந்தப் பிள்ளை."

லைனஸுக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தாலாவது தேவலை. ஹெரிபெர்ட் மேஜையைத் துழாவி ஒரு பேனாவைத் தேடி எடுத்தார்.

"லைனஸ், ஊரு கண்டுபிடிக்கறதுல நீங்க கெட்டிக்காரர். எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன். கல்லை எடுக்காத இடமா."

அதில் குத்தல் இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே கேட்டார். லைனஸின் கை பழக்கதோஷத்தில் அந்தத் தளத்தைத் திறந்தது. ஊர்ப் பெயர் கேட்கும் பெட்டி காலியாக வந்து நின்றது. அந்தப் பக்கம் ஹெரிபெர்ட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். லைனஸுக்கு என்ன தட்டுவதென்று தெரியவில்லை.