அண்ணி சொல்ல மறுத்த ஸ்தோத்திரம்

பெங்களூரில் அந்த மருத்துவமனையின் வாசலில் காவலர் கையை நீட்டி எங்களை நிறுத்தியது இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. "யாரு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் வேண்டும் என்றுதான் கேட்டார். அண்ணி ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பச்சைக்குழந்தைகள் பிரிவில் வேலை செய்யும் நர்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. யாருமில்லை, எங்கள் குழந்தை போன மாதம் இங்கேதான் இறந்துபோனது என்று அண்ணி சொன்னதும் அவர் முகம் மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். இப்போதும் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

டிப்ளமோ முடித்து சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது நான் அண்ணன் வீட்டில் தங்கினேன். அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை. அண்ணி காவேரிப்பட்டினத்துக்காரர். கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தார். நான் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் நடக்கும் சபைக்குப் போவோம். அங்கே தமிழில் ஒரு பாட்டு, தெலுங்கில் ஒரு பாட்டு, கன்னடத்தில் ஒரு பாட்டு. எந்த ஊர்க்காரரும் தன் மொழி வரும்போது கொஞ்சம் உரக்கப் பாடுவார்.

அண்ணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது, அன்றைக்கு எதற்காக ஆண்டவருக்கு நன்றி என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லவேண்டும். போன வாரம் சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. பசியோடு வந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு இது பெரிய தொல்லை. ஒருமுறை வேண்டுமென்றே, "கம்பெனி பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது, ஸ்தோத்திரம்" என்றேன். அண்ணன் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. "கிடைச்சுதில்ல? அப்புறம் என்ன, சொல்லு" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஜன்னல் சீட்டையும் சம்பள உயர்வையும் அவர் ஒரே குரலில்தான் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வார். அண்ணனுக்கு வேலை இல்லாமல் போன சமயத்திலும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் கால் ஆடிக்கொண்டே இருக்கும், எப்போது ஆமென் வரும் என்று.

கல்யாணமாகிப் பல வருடங்கள் அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிறகு ஒரு நாள் அண்ணி கருவுற்றார். ஆண்டவருக்கு நன்றி சொல்ல வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். பாஸ்டர் வந்தார், சபையே வந்தது, நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பம் தன் நாற்காலிகளைக் கொடுத்து அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி பரிமாறினோம். அண்ணி கார்மெண்ட்ஸில் மிஞ்சிய மெத்தென்ற துணிகளைக் கேட்டு வாங்கிவந்து சின்னச் சின்னக் குல்லாய்களாகத் தைத்துக்கொண்டே இருந்தார். ஒரு குழந்தைக்கு எதற்கு இத்தனை தலை என்று அண்ணன் கேலி செய்வார்.

குழந்தை மாதம் நிறையும் முன்னே பிறந்துவிட்டது. பெண். ஓசூரில் அண்ணிக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தைக்கு மூச்சு சரியாக வரவில்லை, பெங்களூருக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்றார்கள். அண்ணி கண்விழிக்கும் முன்பே நானும் அண்ணனும் ஆம்புலன்ஸில் குழந்தையோடு கிளம்பிவிட்டோம். ஓசூரிலிருந்து பெங்களூர் ரொம்பப் பக்கம் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு மாநில எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். லாரிகளுக்கு நடுவே சைரன் கத்திக்கொண்டே நின்றது. இறங்கி ஓடிப்போய் லாரிகளைத் தட்டி ஒதுங்கச் சொன்னேன். ஒதுங்கினார்கள், பாவம், ஒதுங்க இடமிருந்தவர்கள்.

பிறகு காத்திருப்பு. அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் படியிறங்கி டீக்கடைக்குப் போவேன், குடிக்காமல் திரும்பி வருவேன், வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றுவேன், மறுபடி மேலே ஏறுவேன். உடம்பு தேறியதும் அண்ணியும் வந்து சேர்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவரின் கையை ஒரு நர்ஸ் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, ஒரு விரலை மட்டும் உள்ளே விடச் சொன்னார். குழந்தை அதைப் பற்றிக்கொண்டது. அந்த நர்ஸ் கன்னடப் பெண். நடுத்தர வயது இருக்கும். குழந்தையைப் "புட்டி, புட்டி" என்று கூப்பிடுவார். குழந்தையைப் போய் பாட்டில் என்கிறாரே என்று எனக்கு முதலில் கோபம். கன்னடத்தில் அது செல்லப்பெண்ணைக் கூப்பிடும் சொல் என்று அண்ணிதான் சொன்னார். பெயர் வைக்காத குழந்தைக்கு அதுவே பெயராயிற்று.

குழந்தை பிழைக்கவில்லை. டாக்டர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். ஒரு காலையில் இனி முடியாது என்று தெரிந்ததும், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்த அந்த நர்ஸ் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். குழாய்களை எடுத்து, குழந்தையைத் துணியில் சுற்றி, அண்ணியின் நெஞ்சின்மேல் படுக்க வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து அண்ணி தன் குழந்தையைத் தூக்கியது அப்போதுதான். குழந்தையின் உயிர் அங்கேயே பிரிந்தது. நான் கீழே வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் போனில் கூப்பிட்டு, "மேல வாடா" என்று மட்டும் சொன்னார்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். நல்லவர்கள்தான், அன்பானவர்கள்தான். சபையிலிருந்து வந்த ஒரு மூத்த அக்கா அண்ணியின் தோளைத் தடவிக்கொண்டே, "இதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிடும்மா, மனசு லேசாயிடும்" என்றார். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த அக்காவை வெளியே அனுப்பிவிடலாம் என்றிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அன்றைக்கு எனக்குள் புகுந்தது. அன்று இரவு சாப்பாட்டின்போது அண்ணி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஜெபத்தை அண்ணன் இரண்டு வரியில் முடித்தார். மறுநாளும் அப்படியே. எத்தனையோ தடவை நான் அலுத்துக்கொண்ட அந்தக் கேள்வி இல்லாமல் போனதும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். விசுவாசம் போய்விட்டதா என்று கேட்கவும் தைரியமில்லை. ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணி என்னிடம் கேட்டார்: "தம்பி, பெங்களூர் வரைக்கும் வண்டில கூட்டிட்டுப் போறியா? அந்த சிஸ்டரப் பாக்கணும்."

"என்னாத்துக்கு அண்ணி இப்ப?"

"நன்றி சொல்லாம வந்துட்டன்."

எனக்குச் சுருக்கென்றது. குழந்தையையே பறிகொடுத்துவிட்டு வந்த இடத்தில் என்ன நன்றி என்று கேட்டேவிட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "என்னால அங்க வர ஆவாது. நீ போய்ட்டு வா" என்றார். அண்ணி அலமாரியிலிருந்த குல்லாய்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் நான் ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டினேன்.

அப்படித்தான் அந்த வாசலில் காவலர் முன்னால் நின்றோம். அவர் உள்ளே போன் செய்தார். வெகு நேரம் கழித்து அந்த நர்ஸ் இறங்கி வந்தார், துணைக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு. கொஞ்சம் தள்ளியே நின்றார். பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. அண்ணி நேராகப் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கார்மெண்ட்ஸில் கற்ற கன்னடமும் தமிழுமாகக் கலந்து சொன்னார்:

"சிஸ்டர், நீங்க வீட்டுக்குப் போயிருக்கலாம். போவல. எம் பொண்ணு பெட்டிக்குள்ள சாவல, என் மேல இருந்துதான் போனா. அது உங்களாலதான். தும்ப, ரொம்ப ரொம்ப தாங்க்ஸ் சிஸ்டர்."

அந்த நர்ஸ் அண்ணியின் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்துவிட்டார். கூட வந்தவர்தான் எங்களிடம் தமிழில் சொன்னார்: குழந்தை பிழைத்தவர்கள் கேக் வாங்கிக்கொண்டு வருவார்கள். குழந்தை பிழைக்காதவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே இருக்கும் குழந்தைகளுக்குப் போடுங்கள் என்று அண்ணி பையைக் கொடுத்தார். ஒன்றையும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவில்லை. என்ஜினை அணைத்தேன். பின்னாலிருந்து அண்ணி சொன்னார்: "சிஸ்டர்கிட்ட சொல்லிட்டன் தம்பி. ஆண்டவர்கிட்ட சொல்ல இன்னும் வாய் வரல. கேக்க வேண்டியது நெறய இருக்குது." நான் கண்ணாடியில் பார்த்தேன். அழுகிறார் என்று நினைத்தேன், இல்லை. கோபமாக இருந்தார். ஆண்டவர்மேல் கோபப்படுகிறவர் அவரை விட்டுவிடவில்லை என்று எனக்குத் தோன்றியது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

வருடக் கடைசியில் சபையில் ஸ்தோத்திர ஆராதனை. ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்வார்கள். வீடு கட்டியவர், வேலை நிரந்தரமானவர், காய்ச்சலிலிருந்து எழுந்தவர். அண்ணன் அந்த நாட்களில் உள்ளே வந்து உட்காரமாட்டார், மாடிப்படியில் நின்றுவிடுவார். நானும் அவரோடு நின்றேன். திடீரென்று அண்ணியின் குரல் கேட்டது.

"எம் பொண்ணு செத்ததுக்கு நான் நன்றி சொல்ல மாட்டன். சொன்னா அது பொய்யா இருக்கும், ஆண்டவருக்கும் அது தெரியும். ஆனா அவ வந்தா. என் விரலப் புடிச்சா. அவளப் பாத்துக்க ஒரு சிஸ்டர் இருந்தாங்க. அழறப்ப எங்கூட அவரு இருந்தாரு, எங்க வீட்டுக்காரரு. இதுக்கெல்லாம் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இவ்ளோதான் என்னால முடியும்."

தோள் தடவிய அந்த மூத்த அக்கா குனிந்துகொண்டார். பாஸ்டர் பிரசங்கம் எதுவும் சேர்க்கவில்லை, மெதுவாக ஆமென் என்றார். அண்ணன் என்னை விலக்கிவிட்டு உள்ளே போய், பெண்கள் பக்கம் என்றும் பார்க்காமல் அண்ணியின் அருகில் போய் நின்றார். அன்று இரவு அண்ணி சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு என்னைப் பார்த்து, "சொல்லு தம்பி" என்றார். எனக்குச் சொல்ல அன்றைக்கு நிறைய இருந்தது.

அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி அதே தெருவில் தனிவீட்டுக்கு வந்தேன். மகள் பிறந்தாள், முழு எடையோடு, நலமாக. அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையிலிருந்து அண்ணனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன், குழந்தையின் சத்தம் அவர்கள் வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி திட்டியும் நிற்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணியே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ஏன் தம்பி, சந்தோஷத்த யாருக்குப் பயந்து ஒளிச்சு வெக்கிற? எனக்கா?" என்றார். நான் ஏதோ உளறினேன். "வர்ற ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரக் கூட்டம் வெக்கிறோம். பாஸ்டர்கிட்ட சொல்லிட்டன்" என்றார். ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கூட்டம் நடந்தது. தகப்பன் நன்றி சொல்லட்டும் என்று பாஸ்டர் என்னை எழுப்பினார். எழுந்தேன். "எனக்குப் பயமா இருக்குது" என்றுதான் வந்தது. சிலர் சிரித்தார்கள். சுவரோரம் குழந்தையை மடியில் வைத்திருந்த அண்ணி சிரிக்காமல், "பயத்தோடயே சொல்லு தம்பி. பரவால்ல" என்றார். சொன்னேன். என்ன வார்த்தைகள் என்று நினைவில்லை.

அப்போதுதான் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். நடுவீட்டில் பாட்டு நின்றுபோகும் அளவுக்குச் சத்தம். என் மனைவி பதறிப்போய்க் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். அண்ணி கொடுக்கவில்லை. வாயில் குழாயோடு கிடந்த தன் குழந்தையின் அழுகையை அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. குழந்தையை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

"கொஞ்ச நேரம் அழுவட்டும்மா" என்றார். "கேட்டுக்கறன்."