வெள்ளைப் பல்லை நம்பிய வசந்தா

அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த வசந்தாவுக்கு எதையும் ஏன், எதற்கு என்று குடைந்தால்தான் சோறு இறங்கும். ஆறு மாதமாக அவள் குடைந்தது தன் கழுத்தைத்தான். திருப்பினால் திரும்ப மாட்டேன் என்கிறது. பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்காமல் ஸ்கூட்டர் ஓட்ட முடியுமா? ஸ்கூட்டர் இல்லாமல் ஆவடியிலிருந்து முகப்பேர் தையல் கடைக்குப் போவதெப்படி? கடையை மூட வேண்டிவருமோ என்று உள்ளூர பயந்தாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் ஷோபனா, எலும்பு அளவுக்கு மீறி அடர்ந்து வெளுத்திருக்கிறது என்றார். அடுத்து கேட்டாரே ஒரு கேள்வி: "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

அதில் வசந்தாவுக்கு ஏகப் பெருமை. கணவர் சிவராமன் தருமபுரிக்காரர், ஆவடி தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் ஆளாளுக்கு ஊரிலிருந்து அரிசியும் எண்ணெயும் வரவழைத்தால், இவர்கள் வீட்டுக்குத் தண்ணீரே வரும். கொழுந்தன் கோவிந்தராஜ் தக்காளி வேனில் கோயம்பேடு போகிற வழியில், ஊர் போர்வெல் தண்ணீரைக் கேன் கேனாக வானகரத்தில் இறக்கிவிடுவான்; சிவராமன் போய் எடுத்து வருவார். கல்யாணமான புதிதில், "இந்தத் தண்ணில டீ போட்டா இன்னா ருசி!" என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தாள். முப்பது வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

"தருமபுரி போர் தண்ணியா? அதுல ஃபுளோரைடுங்கற உப்பு அதிகமா இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

"அட போங்க டாக்டரம்மா!" என்று, கூட வந்திருந்த கணவரைக் காட்டினாள். " அது பல்லுல கறையாத்தான வரும்? இவரு பல்லப் பாருங்க, கோடு கோடா பழுப்பு. என் பல்லு பளிச்சுனு கீது!"

டாக்டர் சிரித்துவிட்டார். "பல் சின்ன வயசுலயே உருவாகி முடிஞ்சிடும்மா. அப்ப நீங்க குடிச்சது அம்பத்தூர் தண்ணி. எலும்பு அப்படியில்ல, ஆயுசுக்கும் தன்னைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கும். அப்பல்லாம் ஃபுளோரைடையும் சேர்த்து வச்சுக்கும். வயசாக ஆக ஏறிக்கிட்டே போகும்."

"அப்ப இவரு கழுத்து மட்டும் எப்டி சொகமா திரும்புது?"

சிவராமன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் கேன்டீன் தண்ணிதான் குடிக்கிறேன். உனக்குப் பத்தணுமேன்னு வீட்லகூட கேனைத் தொடறதில்ல."

"அடப்பாவி மனுசா!" என்றவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தண்ணீர் சோதனையில் டாக்டர் சொன்னதே நிஜமானது. சேர்ந்தது சட்டென்று இறங்காது, இனிமேல் சேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றே போன் வந்தது.

"அண்ணி, வானகரத்துல நிக்கிறேன். கேன் எறக்கட்டுமா?"

"வேணாம் தம்பி. ஆமா, வண்டிய ரிவர்ஸ் எடுக்கிறப்போ உனக்குக் கழுத்து திரும்புதா?"

"அதெங்க அண்ணி, கண்ணாடியப் பாத்துத்தான். எங்க ஊர்ல என் வயசுக்காரன் எவனுக்குத் திரும்புது?"