கொழுந்தில் ஏறிய கடல் வாடை

"எவன்டா என் கொழுந்துக்குள்ள கருவாடு போட்டது?"

காலையில், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் போட்ட சத்தத்தில் ஃபெக்டரியே அசைவற்று நின்றது. எண்பதுகளின் தொடக்கம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் எலக்ட்ரீசியன். கருவாடு ஒன்றுமில்லை, கல். வைத்தவன் நான்.

எங்கள் தோட்டத்து மேனேஜர் துரைக்கு மீன் பைத்தியம். பங்களா ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் மீன் வளர்க்க ஆசைப்பட்டார். அதற்கு, தண்ணீரைச் சுத்தமாக்கும் சிற்றுயிர்கள் குடியிருக்கும் உயிருள்ள கடல் கல் வேண்டுமென்று என்னை லொறியில் பொத்துவில் கடற்கரைக்கு அனுப்பினார். அவர் சீட்டில் எழுதித் தந்தபடியே பார்த்து எடுத்தேன். பருமனுக்கு எடை குறைவாக இருந்தால் உள்ளே பொந்து நிறைய உண்டு. மேலே ஊதாப் பாசி படர்ந்திருந்தால் உயிர் இருக்கிறது. ஈரச் சாக்கில் சுற்றி, கேன்களில் கடல் தண்ணீரும் பிடித்து வந்தேன்.

வழியில் கல்லில் இருக்கும் பூச்சி புழு பாதி செத்துவிடும். அப்படியே தொட்டியில் போட்டால் மீனும் சாகும். அதனால் கடல் தண்ணீர்ப் பீப்பாயில் போட்டு, ஏர் பம்ப் ஓடவிட்டு, அழுகியதைப் பிரஷால் தேய்த்தெடுத்து, தண்ணீர் மாற்றி, நாற்றம் அடங்கும்வரை வைக்க வேண்டும். பம்ப் நின்றால் கல்லும் போச்சு.

பங்களாவில் கரண்ட் அடிக்கடி போகும். ஃபெக்டரியில் ஜெனரேட்டர் உண்டு. யாரிடமும் கேட்காமல் பீப்பாயை மாடியில் பெரிய ஃபேனுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கொழுந்து வாட்டும் ஃபேன் அது! அது இழுக்கும் காற்றெல்லாம் கொழுந்துக்குள்தான் போகும். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் என்பது ஃபெக்டரிப் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்குப் பம்ப் மட்டும்தான் தெரிந்தது.

முந்தின நாள் கொழுந்து முழுக்க வீண். துரை வந்து நின்றார்.

"என் சீட்டு கிழிஞ்சிச்சு," என்று டீமேக்கர் முணுமுணுத்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் பழி அவர் தலையில்தான்.

"துரை, கல்லு வச்சது நான்தாங்க. டீமேக்கர் ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எந்தக் கல்லு?"

"உங்க கல்லுதாங்க."

துரையின் முகம் சிவந்தது, பிறகு மீசைக்குள் சிரிப்பு வந்தது. "பீப்பாவக் கராஜுக்குக் கொண்டு போ. இனி அது ஃபெக்டரிக்குள்ள வந்தா, கல்லோட நீயும் வெளிய!"

ஃபெக்டரி ஜெனரேட்டரிலிருந்து கராஜுக்கு வயர் இழுத்து பம்பை ஓடவிட்டு, அங்கே மூன்று வாரம் தேய்த்தேன், தண்ணீர் மாற்றினேன். நாற்றம் போய்விட்டது என்று கல்லைப் பங்களாவுக்குத் தூக்கினேன். வழியில் எதிரே வந்த டீமேக்கர் மூக்கைச் சுருக்கினார்.

"டேய், நில்லு. எங்க கொண்டு போற?"

"தொட்டிக்குங்க ஐயா. வாடையே இல்லீங்க."

"உன் மூக்கு செத்து மூணு வாரமாச்சு." தேயிலை பார்ப்பதுபோல் ஒவ்வொரு கல்லாக முகர்ந்து ஒன்றைத் தனியே வைத்தார். "இத ஒட."

உடைத்தேன். உள்ளே கருத்து அழுகிய கடற்பஞ்சு. அது தொட்டிக்குள் போயிருந்தால் துரையின் மீன்களில் ஒன்றுகூடத் தப்பியிருக்காது, என் வேலையும்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மத்தது இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இப்படிக் கடல் கல் பதப்படுத்தும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பக்கத்திலேயே கிடப்பவனுக்கு நாற்றம் தெரியாது. கல் பதமாகிவிட்டதா என்று உங்கள் மூக்கைக் கேட்காதீர்கள், உங்களை முதலில் திட்டியவரைக் கூப்பிடுங்கள். நான் அதன்பின் கல் கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் டீமேக்கரைக் கூப்பிட்டேன். அவரும் திட்டிக்கொண்டே வந்தார்.