பெலார்மினோவின் ஏரி

பெலார்மினோ ஆர்ச்சுலெத்தா சிரித்தால் லோமா பார்தா ஊரில் பாதி நாய்கள் எழுந்து குரைக்கும். மீதி நாய்கள் இடி இடிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட சிரிப்பை உள்ளே வைத்திருக்க எவ்வளவு பெரிய வயிறு வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் அந்த வயிறு உட்கார்ந்துவிட்டால், பஸ்ஸை ஓட்டுவது கையா வயிறா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த பஸ் காலையும் சாயங்காலமும் மேசை மலையைச் சுற்றிக்கொண்டுதான் போகும். கடவுள் ஒரு மலையைச் செய்துவிட்டு, மேல் பாதியைக் கத்தியால் சீவி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது மாதிரி, உச்சி முழுக்கத் தட்டை. கீழே இருந்து பார்த்தால் சிவப்புச் சுவர் மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

"மாமா, மேல என்ன இருக்கு?"

பெலார்மினோ மேலே போனதே இல்லை. ஆனால் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"மேல ஏரி இருக்குடா. ஏரி நிறைய மீனு. ஒரு வெள்ளைக் காளை வந்து தண்ணி குடிச்சிட்டுப் போகும்."

வருஷத்துக்கு வருஷம் ஏரி பெரிதாகிக்கொண்டே போனது. அவர் ரிடயர் ஆகும்போது அதில் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். கால் நீண்டதும் நேராக மலை ஏறிப் பார்த்தார்கள். பாறை, புழுதி, நாலு ஜூனிப்பர் மரம், காற்று. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் பெயர் 'ஏரி மாமா' ஆகிவிட்டது. பெட்ரோல் பங்கில் போய் நின்றாலும், "என்ன மாமா, ஏரியில தண்ணி எப்படி?" கோயில் வாசலில் நின்றாலும், "மாமா, வெள்ளிக்கிழமைக்கு மீனு உண்டா?" அவரும் கூடச் சிரிப்பார். உள்ளே மட்டும் ஒரு முள். தன்னைப் பொய்யன் என்று சொல்கிற அத்தனை பேரும் உச்சியைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மலையையே ஆயுசு முழுக்கச் சுற்றி வந்த ஒருத்தர் மட்டும் பார்க்கவில்லை.

காரணம், ஊசிக்காது. மலை உச்சியைச் சுற்றிச் செங்குத்துப் பாறை. ஏறுவதற்கு அதில் ஒரே ஒரு பிளவு. அதன் பெயர்தான் ஊசிக்காது. உள்ளே பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். வருஷா வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு நாலு பேர் நடக்கப் போவார்கள்: பெலார்மினோ, அவர் மனைவி செல்சா, செல்சாவின் தம்பி ஃபிதென்சியோ, பக்கத்து வீட்டு ஓர்லிந்தா. மூன்று பேர் ஊசிக்காது வழியாக மேலே போவார்கள். பெலார்மினோ கீழே உட்கார்ந்து சாப்பாட்டுப் பைக்குக் காவல் இருப்பார். அந்தக் காவலில் பாதிச் சாப்பாடு காணாமல் போகும்.

இந்த வருஷம் ஈஸ்டர் வந்தபோது அவர் சொன்னார்: "ஆகஸ்டு கடைசிக்குத் தள்ளி வைங்க. அதுக்குள்ள இளைச்சிடறேன். நானும் மேல வரேன்."

"எந்த வருஷத்து ஆகஸ்டு மச்சான்?" என்றார் ஃபிதென்சியோ. அவர் வேலிக் கம்பம் மாதிரி ஆள். கம்பியில் துணியோடு சேர்த்து அவரையும் காயப்போடலாம்.

பெலார்மினோ தேன் ஊற்றிய பூரியை விட்டார். பன்றிக்கறி ஸ்டூவை விட்டார். கோடை முழுக்கத் தக்காளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆகஸ்டில் பெல்ட்டில் ஒரு ஓட்டை குறைந்திருந்தது. அதற்குள் மழைக்காலமும் வந்துவிட்டது. சாயங்காலம் தவறாமல் கொட்டிய மழையில் ரோடு ஆறானது.

மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலையில் கிளம்பினார்கள். அவர்கள் நடப்பதைப் பார்த்தால் ஆமை கூட ஹாரன் அடிக்கும். ஒரு ஜூனிப்பர் நிழலில் காபி. அடுத்த நிழலில் பின்யோன் கொட்டை உடைத்துக்கொண்டு ஊர் வம்பு. அதற்கடுத்த நிழலில், முந்தின நிழலில் பேசிய வம்பு சரிதானா என்று வாக்குவாதம். ஈரச் சேஜ் செடி வாசம் மூக்கைத் துளைத்தது. பெலார்மினோ மட்டும் வம்பில் சேராமல் ஊசிக்காதையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"என்னய்யா, பேச்சையே காணோம்?" என்றாள் செல்சா.

"மூச்சை சேத்து வைக்கறேன்."

"சேக்காத. உள்ள இருக்கற மூச்சுதான் பிரச்சனையே."

ஃபிதென்சியோ காற்று மாதிரி பிளவுக்குள் போய் மேலே நின்றார். பின்னாலேயே செல்சா போனாள். அடுத்தது பெலார்மினோ. கடைசியாக, சாப்பாட்டுப் பையோடு ஓர்லிந்தா. பையை அவரிடம் கொடுக்க இந்த வருஷம் யாரும் தயாராக இல்லை.

பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனார். பிறகு நின்றார். பாட்டிலில் கார்க் மாட்டிய மாதிரி நின்றார்.

"கையக் குடு!" செல்சா இழுத்தாள். ஃபிதென்சியோ செல்சாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஓர்லிந்தாவின் தொப்பியில் போய் விழுந்தது. பெலார்மினோ அசையவில்லை.

"மச்சான், ஒண்ணும் கவலப்படாதீங்க," என்றார் ஃபிதென்சியோ. "அடுத்த ஆகஸ்டுக்குள்ள தானா இளைச்சிடுவீங்க. தினம் ஒரு தக்காளி மேல இருந்து போடறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பெலார்மினோவின் முகம் மலையைவிடச் சிவந்துவிட்டது. தலைக்கு மேலே ஒரு கை நீளத்தில் நீல வானம். "கீழ இறங்கிடறேன் செல்சா," என்றார் மெதுவாக. "எனக்கு எழுதினது அவ்வளவுதான்." அவர் குரல் அப்படி இறங்கி செல்சா கேட்டதே இல்லை.

கீழே ஓர்லிந்தா பையை இறக்கி வைத்தாள். கோயிலில் ஜெபமாலை சொல்லிக் கொடுப்பவள் அவள். பிறந்ததிலிருந்து ஒரு ஜோக் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்ன ஜோக்குக்குச் சிரித்ததுமில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, பெலார்மினோவின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உரக்க ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இந்தப் பெலார்மினோவ மன்னிச்சிடும். மேல ஏரி இருக்குன்னு ஊர்ப் பிள்ளைங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னான், மன்னிச்சிடும். என் மக நதீன் அத நம்பி, பனி கொட்டற ஜனவரில நீச்சல் உடை போட்டுட்டு பஸ்ஸுக்கு நின்னா, மன்னிச்சிடும். கையில தூண்டிலும் வெச்சிருந்தா, அதையும் மன்னிச்சிடும். இவன் அவள பஸ்ஸுல ஏத்தும்போது, 'காளைக்குப் புல்லு எங்க?'ன்னு கேட்டான் ஆண்டவரே, அது மட்டும் உம்ம இஷ்டம்."

பெலார்மினோவுக்கு நதீன் ஞாபகம் வந்துவிட்டது. காதுமூடும் கம்பளித் தொப்பி, பூப்போட்ட நீச்சல் உடை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள், பிளவில் குடியிருந்த அண்டங்காக்கைகள் அடுத்த மாகாணத்துக்குப் பறந்துபோயின. சிரிக்கச் சிரிக்க உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியே போனது. கடைசிச் சொட்டு மூச்சும் போய் அவர் விக்கித்து நின்ற நொடியில் ஃபிதென்சியோ கத்தினார்:

"இப்ப! இழு!"

பெலார்மினோ மேலே வந்து விழுந்தார்.

கொஞ்ச நேரம் குப்புறவே கிடந்தார். பிறகு எழுந்து பார்த்தார். சுற்றிலும் கீழே அவர் பஸ் ஓட்டிய ரோடு, மலையைச் சுற்றி முழுசாக, ஒரே வளையமாகத் தெரிந்தது. "அம்மாடி," என்றார். "இவ்வளவு அழகான ரோட்டுலயா நான் தினம் எல்லாரையும் திட்டிக்கிட்டே போனேன்!"

அப்போதுதான் எதுவோ மின்னியது. தட்டைப் பாறையின் நடுவில், வாசல் கதவு அகலத்துக்கு ஒரு பள்ளம். வெயில் காலத்தில் மற்றவர்கள் எத்தனையோ தடவை தாண்டிப் போன வெறும் குழி. இன்று விளிம்பு வரைக்கும் மழைத்தண்ணீர்.

"ஏரி!" என்று கத்திக்கொண்டு ஓடினார் பெலார்மினோ. ஆமாம், ஓடினார்.

"குட்டைன்னு சொல்லக்கூட இது பத்தாது மச்சான்."

"ஓர்லிந்தாக்கா, இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க. பொய் சொல்லாத வாய் உங்களோடது. நீங்க சொல்லுங்க."

ஓர்லிந்தா முட்டி போட்டுக் குனிந்தாள். தண்ணீருக்குள் நகக்கண் அளவில், கண்ணாடி மாதிரி உடம்போடு, நூறு உயிர்கள் காலை ஆட்டி ஆட்டி நீந்திக்கொண்டிருந்தன.

"மழைத்தண்ணி நின்னா வர்ற இறால் பூச்சி," என்றார் ஃபிதென்சியோ. "மீனு இல்ல. பாருங்க, மல்லாக்க நீந்துது."

"ரிடயர் ஆன மீனுடா. அப்படித்தான் நீந்தும்."

ஓர்லிந்தா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து, வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டாள். ஊருக்குள் கிடைக்காத சிக்னல் உச்சியில் நன்றாகவே கிடைக்கும்.

"நதீன்? அம்மாதான். மேசை மலை மேல நிக்கறேன். இங்க தண்ணி இருக்கு. தண்ணில நீந்தறதும் இருக்கு." ஒரு நிமிஷம் யோசித்தாள். "சின்னதுதான். ஆனா இருக்குடி."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஓர்லிந்தா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"வெள்ளைக் காளை எங்கன்னு கேக்கறா."

பெலார்மினோ பாறை மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"மேயப் போயிருக்குன்னு சொல்லுங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கீழே, லோமா பார்தாவில், நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.