கொட்டிலுக்குள் கிடந்த ஜேர்மன் மோட்டர்

செத்தவர்களின் வீடுகளில் கிடக்கும் சாமான்களை அள்ளி ஒதுக்கிக் கொடுப்பதுதான் சவிரிமுத்துவின் வேலை. மன்னாரில் பஸ் கொண்டக்டராக நின்ற மனிதர், லண்டனுக்கு வந்து ஆறு வருஷமாக, அந்தத் தொழிலை நடத்தும் ஜெரோசனின் வேனில் ஏறி, யாரோ படுத்த மெத்தையையும் யாரோ கட்டிய பல்லையும் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். அதைப் பற்றி ஒரு முறைப்பாடு கிடையாது. அவருக்கு இருந்த பயம் வேறு. நிரந்தர விசாவுக்கு மனுப் போட்டிருந்தார். அது மறுக்கப்பட்டால் அவரும் மனைவி அருள்மலரும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

“முதல் குடுத்த வாக்குமூலத்திலை ஒரு சொல்லும் மாறக்கூடாது அண்ணை. மாறினா எல்லாத்தையும் பொய்யெண்டுவாங்கள்” என்று வழக்கறிஞர் கனகலிங்கம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வன்னியில் கடைசிச் சண்டையின்போது மாத்தளனில் ஷெல் விழுந்து ஏழு வயது மகள் கிளறிற்றா செத்தாள் என்பது அந்த வாக்குமூலம்.

போன செவ்வாய்க்கிழமை லண்டன் குட்மேய்ஸில் செத்துப்போன ஒரு கிழவரின் வீடு. பின்வளவுக் கொட்டிலில் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே முழங்கை நீளத்தில் ஓர் இரும்புக் குழாய், அதற்கொரு தட்டையான அடி, ஏதோ ஜேர்மன் எழுத்து. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ஜெரோசன் லண்டனில் பிறந்த பிள்ளை; முப்பது வயதாகியும் இதெல்லாம் என்ன கண்டான்! பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் காதடியில் குலுக்கினான்.

“அங்கிள், இது என்ன, ரொக்கெட் பொம்மையோ?”

வாலில் இருந்த இறக்கைத் தகடுகளைக் கண்டதும் அது ஷெல் என்று சவிரிமுத்துவுக்கு விளங்கிவிட்டது.

“ஆட்டாதை தம்பி! அப்பிடியே வைச்சிரு!”

இரண்டு கையாலும் வாங்கி, பூப்பாத்தி மண்ணில் மெல்லச் சரித்து வைத்தார். ஜெரோசனை வீதிக்கு விரட்டினார். பிறகுதான் ஒரு பிழை செய்தார். வெடிக்காத ஷெல்லைக் கண்டால் வன்னியில் எல்லோரும் செய்கிறபடி, ஒரு சிவப்புத் துணியைக் கிழித்துத் தடியில் கட்டி, ஷெல்லுக்குப் பத்தடி தள்ளி நட்டார். ஓடிப்போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜெரோசன் போன் அடிக்க, பொலிஸ் வந்தது, குண்டு எடுக்கிற ஆமிக்காரரும் வந்தார்கள். உலக யுத்தத்தில் ஜேர்மன் ஆமி ஷெல் அடிக்க வைத்திருந்த சின்ன மோட்டர் என்றார்கள். கிழவரின் தகப்பன் சண்டை முடிந்து வரும்போது ஞாபகத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டுமாம். என்ன ஞாபகமோ, நாசமாய்ப் போக! பெட்டிக்குள் இருந்த மூன்று குண்டும் இன்னும் வெடிக்கக்கூடியவை.

பொலிஸ்காரி சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஜெரோசனிடம் ஏதோ கேட்டாள்.

“அங்கிள், உங்களுக்கு இதை ஆர் பழக்கினது எண்டு கேக்கிறா. எந்த ஆமியிலை இருந்தனீங்களாம்?”

சவிரிமுத்து தான் நட்ட தடியைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு மேலாக அருள்மலருக்கே சொல்லாதது வாய்க்குள் வந்து நின்றது.

“ஒரு ஆமியிலும் இல்லை. என்ர பிள்ளை இப்பிடி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள். ‘அப்பா, இதை வைச்சிருக்கட்டோ’ எண்டு கேட்டவள். நான் பங்கர் வெட்டிக்கொண்டு நிண்டனான். துருப்பிடிச்சுக் கிடந்தது. ‘ஓம், அது செத்த ஷெல், கொண்டுபோ’ எண்டனான். வானத்தாலை விழேல்லை, தம்பி. நான்தான் குடுத்தனான்.”

விசா விஷயமும், ஷெல் விழுந்ததென்ற வாக்குமூலமும் ஜெரோசனுக்கும் தெரியும். பொலிஸ்காரியின் பக்கம் திரும்பி, அவர் டிவியில் ஏதோ பார்த்துப் பழகினாராம் என்று இங்கிலிஷில் சொன்னான். அவள் தலையாட்டிக்கொண்டு குறிப்புக் கொப்பியில் எழுதத் தொடங்கினாள்.

அந்த அளவு இங்கிலிஷ் சவிரிமுத்துவுக்கு விளங்கும். பேசாமல் இருந்தால் போதும், விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அவர் எட்டி அவளுடைய பேனையின் மேல் கையை வைத்தார்.

“நோ டிவி” என்றார். “மை டோட்டர், கிளறிற்றா.”